வேணுமா, வாணாமா என்று கேட்ட மெஷின்

போன வாரம் புது மடிக்கணினி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் போட்டுக் கொடுத்ததைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றுவது என் பழைய வியாதி. பென் டிரைவைச் சொருகிவிட்டு, ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிகாக்ஷன் இறங்கி முடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பெயர் என்ன, ஊர் எது என்று மரியாதைக்கு இரண்டு வார்த்தை கேட்டதோடு சரி. உள்ளே என்ன டிஸ்க் இருக்கிறது, எந்த நெட்வொர்க் கார்டு, சவுண்டு உண்டா இல்லையா, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். கல்யாணத்துக்குப் போய் ஒருத்தரும் ‘சாப்டேளா’ என்று கேட்காமல் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அதற்கு ஒரு வாசனைகூட இல்லை, அதைச் சொல்லுங்கள். எங்கள் காலத்து மெஷின்களுக்கு வாசனை உண்டு. மூடியைக் கழற்றினால் சூடேறிய தூசி நாற்றம் குப்பென்று வரும். அதோடு கீழேயிருந்து மரிக்கொழுந்து வாசனையும் ஏறி வரும். மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். வாசலில் பூக்காரம்மா. கடைக்குள் நாள் முழுக்க டிர்ர்ர் என்று பாத்திரத்தில் பேர் வெட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் பல் டாக்டரிடம் போனால் பயம் வருவதற்குப் பதில் எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வருகிறது.

ஆபீஸ் என்றால் மூன்று பேர். முதலாளி பட்டாபி சார். கம்ப்யூட்டர் கோத்து விற்பார், விற்றதை ரிப்பேரும் பார்ப்பார். எதற்கெடுத்தாலும் ‘ப்ராக்டிகலா யோசிக்கணும்’ என்பார். அப்புறம் ஹபீப். ராயப்பேட்டைப் பையன், என் வயசுதான், பாலிடெக்னிக் முடித்தவன். வீட்டில் உருது, வெளியில் சுத்தமான மெட்ராஸ் தமிழ். மூன்றாவது நான். பி.எஸ்ஸி. முடித்து, சாயங்காலக் கோர்ஸில் கம்ப்யூட்டரும் படித்தவள். கபாலி கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தே வேலைக்கு வருவேன்.

முதல் நாளே ஹபீப் என்னை “இன்னா மாமி” என்று கூப்பிட்டான். கல்யாணம்கூட ஆகாத என்னை! ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் அவனை “சொல்லுங்கோ பாய்” என்று கூப்பிட ஆரம்பித்தேன். கணக்கு நேராயிற்று. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதாக நினைவே இல்லை.

கர்னல் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் என்னைத் திட்டுவீர்கள். லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடு மையம் அது. டிஸ்கோடும் கீபோர்டோடும் நெட்வொர்க் கார்டோடும் பேசுவது அதுதான். தொண்ணூறுகளின் நடுவில் மெஷின்களின் மெமரி உள்ளங்கையளவு. எல்லா வசதிகளையும் அடைத்த கர்னலை அதில் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் மெஷின் மெஷினாகப் பார்த்து, அதற்கு வேண்டியதை மட்டும் போட்டு, தனித்தனியாகக் கர்னல் சமைக்க வேண்டும். சமைப்பதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். சும்மா இல்லை, நூற்றுக்கணக்கில். இந்த மாதிரி டிஸ்க் உண்டா? அந்த மாதிரி கார்டு உண்டா? இது வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொன்றாகத் திரையில் வரும், வேண்டுமென்றால் ‘ஒய்’, வேண்டாமென்றால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும். இதில் விசேஷம் என்னவென்றால், பின்னால் போக முடியாது. ஒரு கேள்விக்குத் தப்பாக எண்டர் தட்டிவிட்டால் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. மெனு வைத்து அழகாகக் கேட்கும் வசதியும் இருந்ததே என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள். இருந்தது, எங்கள் சிடியில் அது வேலை செய்யவில்லை. போதுமா?

தனியாக உட்கார்ந்து பதில் சொன்னால் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். கை பாட்டுக்கு எண்டர் எண்டராகத் தட்டிக்கொண்டே போகும். அதற்காக நானும் ஹபீப்பும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று கேள்வியை உரக்கப் படிப்பான். படித்து முடித்து, “வேணுமா, வாணாமா?” என்று கேட்பான். நான் உள்ளே இருக்கிற கார்டைப் பார்த்து, “வேணும்” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்லிவிட்டுத்தான் தட்டுவேன். கீழே பூக்காரம்மாவுக்கு இது நன்றாகக் கேட்கும். “இன்னாம்மா அது, தெனம் ஏலம் உட்டுக்கினு கீறீங்க?” என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கு வயர்லெஸ் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அது வந்தாலே ஹபீப்புக்குக் குஷி. “போட்டு உடு மாமி, கடல்ல போற கப்பலாண்ட பேசலாம்” என்பான். ஒரு தடவைகூட நான் போட்டதில்லை. கேள்விகளுக்கெல்லாம் கூடவே ஒரு குறிப்பு இருக்கும். முக்கால்வாசிக் குறிப்பு, சந்தேகமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றுதான் முடியும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலும் எனக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு ஜாதகமாக எடுத்து வைத்து “என்னம்மா, இது?” என்பார். நான் கர்னல் சொல்லிக்கொடுத்தபடி, சந்தேகமெல்லாம் வேண்டாம் என்றே சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இது வேலைக்குப் போகிற திமிர் என்று பட்டது. ஓரளவு உண்மைதான்.

அந்தக் கோடையில்தான் அடையாறிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்தது. பெற்றோர்கள் தானமாகக் கொடுத்த பழைய மெஷின்கள், ஒரு ஹால் நிறைய. ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. சில சிலவாக எங்கள் மாடிக்கு வந்து போகும். தாளாளரின் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தபோது, எல்லாவற்றிலும் லினக்ஸ் போடச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாராம். ஜூனில் பள்ளி திறக்கும்போது லேப் தயாராக இருக்க வேண்டும்.

ஆர்டர் வந்த சந்தோஷத்தில் பட்டாபி சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நீ முன்னாடி சேர்ல உக்காந்துண்டு போன் எடு. பொண்ணு கொரல் கேட்டா கஸ்டமருக்கு நன்னா இருக்கும். மெஷினைப் பிரிச்சுப் பாக்கற பெஞ்சு வேலைக்கு இன்னொரு பையனைப் போட்டுக்கறேன். ப்ராக்டிகலா யோசிச்சுப் பாரு.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. முன்சீட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பிள்ளையார் காலண்டர். அங்கே போனவள் மறுபடி பெஞ்சுக்கு வரப்போவதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த நாளிலிருந்து வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அந்தப் பெஞ்சுதான்.

“ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள அத்தனை மெஷினையும் நான் ஏத்திக் குடுத்துட்டா?” என்றேன்.

அவர் சிரித்தார். “குடுத்துட்டா பெஞ்சு ஒன்னோடது. நான் வாயே தெறக்கலை. முடியலேன்னா முன்சீட்டு.”

விட்டேனா பார் என்று ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஹபீப் தொண்டை கட்டப் படித்தான், நான் பதில் சொன்னேன். ஓடியது கையளவு மெஷின்தான். இந்த லட்சணத்தில் போனால் தீபாவளிக்குத்தான் முடியும். மூன்றாவது நாள் காலையில் குளத்தைச் சுற்றி வரும்போது தோன்றியது. கேட்பதும் மெஷின், பதிலாகத் தட்டப்போவதும் ‘ஒய்’, ‘என்’ என்று இரண்டே எழுத்துத்தான். நடுவில் நான் எதற்கு? மெஷினே மெஷினுக்குப் பதில் சொல்லட்டுமே.

பதில்களையெல்லாம் வரிசையாக ஒரு ஃபைலில் எழுதினேன். முதல் கேள்விக்கு ஒய், அடுத்ததற்கு என், அதற்கடுத்தது ஒய் என்று கடைசிவரை. மெஷின் ரகத்துக்கு ஒரு ஃபைல். கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அந்த ஃபைலை அப்படியே அதன் வாயில் ஊட்டிவிட வேண்டியது. முதல் தடவை ஓடவிட்டபோது கேள்விகள் மழை மாதிரி திரையில் கொட்டின. ஒரு மணி நேரம் பிடித்த வேலை, நான் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் முடிந்தது.

ஹபீப் வாயைப் பிளந்தான். பிறகு, “அப்ப நா இன்னா பண்றது மாமி? டீ குடிச்சிக்கினே இருக்கவா?” என்றான்.

“குடியேன், யார் வேண்டாங்கறா?” என்றேன். அந்தச் சந்தோஷத்தில் அவன் குரலில் இருந்த குறை எனக்குக் கேட்கவில்லை.

ஜோராகப் போயிற்று. பாதி ஹால் முடிந்த சமயம், மீதி மெஷின்களில் புது மாதிரி நெட்வொர்க் கார்டு இருப்பதை ஹபீப் கண்டுபிடித்தான். எங்கள் கர்னலுக்கு அது தெரியாது. தி.நகரில் ஒரு சிநேகிதனிடமிருந்து அடுத்த வெர்ஷன் சிடியை வாங்கி வந்தான். நான் அதே பதில் ஃபைல்களை, புதுக் கார்டுக்கு மட்டும் ஒரு பதிலை மாற்றி, ஊட்டினேன். சமைத்தோம். ஒன்று வேகவே அரைப்பொழுது ஆகும். வெந்ததையெல்லாம் ஏற்றி, பள்ளியின் உதவித் தலைமையாசிரியையைப் பார்க்க ஆபீஸுக்கு வரச்சொன்னார் பட்டாபி சார். அந்த அம்மாள் வந்தார். ஃபேனுக்கடியில் உட்காரவைத்து, ஒரு பாட்டில் கோல்ட் ஸ்பாட் கொடுத்து, மெஷினைப் போட்டோம்.

வரிவரியாக ஓடியது. நின்றது. டிஸ்க்கையே காணவில்லை, இதற்குமேல் என்னால் ஒன்றும் ஆகாது என்று ஆங்கிலத்தில் அலறிவிட்டு அப்படியே உறைந்துபோனது. அடுத்த மெஷினும் அதே. அதற்கடுத்ததும் அதே. ஹபீப் குனிந்து மேலே ஓடிய வரிகளைப் படித்துவிட்டு என் காதில், “மாமி, ஹாம் ரேடியோ ரெடியா கீது. ஹார்ட் டிஸ்க்குதான் இல்ல” என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முழுங்கினேன்.

அந்த அம்மாளை அனுப்பிவிட்டு பட்டாபி சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நாளைக் கழிச்சு ஒரு பையன் இன்டர்வியூக்கு வரான்” என்றார். “நீ எதுக்கும் போன்ல பேசிப் பழகிக்கோ.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் அக்காவுக்கு சீமந்தம். மனசே இல்லாமல் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு போனேன். பந்தியில் பாயசம் பரிமாறுகிற வேலை எனக்கு. அம்மா காதில் ஓதி அனுப்பினாள். “ஜன்னலண்டைலேர்ந்து நாலாவது எலை சித்தப்பா. சக்கரை வியாதி, பாயசம் கூடாது. அஞ்சாவது சம்பந்தி மாமா. தாராளமா விடு, கொறை சொல்லிண்டே இருப்பார்.” நான் பாத்திரத்தோடு திரும்புவதற்குள் வாசலில் லேட்டாக வந்த ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, ஜன்னலோரம் காற்று வரும் என்று முதல் இலையில் நுழைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஆளுக்கொரு இலை தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். நானோ குனிந்த தலை நிமிராத பெண்! இலையை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். நாலாவது இலைக்காரருக்குப் பாயசம் இல்லை. ஐந்தாவது இலையில் இரண்டு கரண்டி, அதற்குமேல் ஒரு கரண்டி.

“ஷ்... சொல்லிடாதே கொழந்தே” என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தேன். சித்தப்பா. முகமெல்லாம் பூரிப்பு. “இன்னும் ஒரு கரண்டி விடு, ஒங்கம்மா அந்தண்டை பாத்துண்டிருக்கா.”

பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடுவில் நின்று சிரித்தேன். புதுக் கர்னலில் யாரோ புதிதாக ஒரு கேள்வியை நடுவில் நுழைத்திருக்கிறார்கள்! அதற்கப்புறம் என் பதில்கள் எல்லாம் ஒரு இலை தள்ளி விழுந்திருக்கின்றன. டிஸ்க்குக்குப் போக வேண்டிய ஒய் வேறெங்கேயோ போய், ஹாம் ரேடியோ வயிறாரப் பாயசம் குடித்திருக்கிறது. “என்னடி பைத்தியம் மாதிரி சிரிக்கறே, சம்பந்தி பாக்கறார்” என்று அம்மா கிள்ளினாள். வலித்ததாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். வரிசைக்குப் பதில் சொன்னால் உருப்படாது, ஆளைப் பார்த்துப் பரிமாற வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கர்னல் ஒரு பேர் வைத்திருந்தது. நாள் முழுக்கக் கீழே பேர் வெட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். கேள்வியின் பேரைப் படித்து, அந்தப் பேருக்கு நேரே இருக்கிற பதிலைச் சொல்லும்படி புது ப்ரோகிராம் எழுதினேன். மெஷினில் என்னென்ன கார்டு என்று ஹபீப் முதலில் தட்டிவிடுவான், மீதியை அது பார்த்துக்கொள்ளும். தெரியாத பேர் வந்தால் ஊகம் பண்ணாமல் நின்று, எங்களைக் கேட்க வேண்டும். அதுதான் முக்கியம். இதற்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வசதியைக் கர்னல் எழுதினவர்களே உள்ளே வைத்திருந்தார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. நல்லவேளை, அன்றைக்குத் தெரியவில்லை.

ஓடவிட்டோம். கேள்விகள் கொட்டின. நடுவில் டக்கென்று நின்றது. திரையில், நான் எழுதாத ஒரு வரி. ஆங்கில எழுத்தில் தமிழ். ‘மாமி, வேணுமா வாணாமா?’

திரும்பிப் பார்த்தேன். நான் டிபன் டப்பா கழுவப் போயிருந்த நேரத்தில் எழுதிவைத்திருக்கிறான் கடன்காரன். “நீ பாட்டுக்கு என்னை டீ குடிக்க அனுப்பிட்டே. அதான், என் வேலையை நானே உள்ள வெச்சிட்டேன்” என்றான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரமே அத்தனை மெஷினும் ஓடின. அந்த உதவித் தலைமையாசிரியை பள்ளி ஹாலைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பட்டாபி சார் சொன்ன சொல் தவறவில்லை, இன்டர்வியூக்கு வந்த பையனை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பெஞ்சு என்னுடையதாயிற்று. அடுத்த திங்கட்கிழமை ராணி மாதிரி மாடிப்படி ஏறினேன்.

முன்சீட்டில், பிள்ளையார் காலண்டருக்குக் கீழே, ஹபீப் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு ஆள் போறுமேம்மா இப்போ. ஒன் ப்ரோகிராம்தான் எல்லாத்தையும் பண்றதே” என்றார் பட்டாபி சார். “ப்ராக்டிகலா...”

எந்த நாற்காலிக்குப் போகமாட்டேன் என்று தலைகீழாக நின்றேனோ, அதில் அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தது என் ப்ரோகிராம். அவன் என்னைப் பார்க்கவில்லை. போன் அடித்தது. எடுத்தான். “அலோ... இன்னா சார் வோணும்? ... இன்னாது? ... அதெல்லாம் இங்க கெடையாது, வெச்சிரு.” பட்டாபி சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மயிலாப்பூர் வக்கீல் யாரோ லைனில் இருந்திருக்க வேண்டும்.

நான் நேராகப் போய் போனைத் தூக்கினேன். ஒயர் நீளமாகத்தான் இருந்தது. இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சின் நடுவில் வைத்தேன்.

“சார், அது தெரியாத கேள்வி வந்தா நிக்கும். கார்டைப் பாத்துச் சொல்ல ஹபீப் வேணும். போன் இங்கேயே இருக்கட்டும், கை சும்மா இருக்கறவா எடுப்போம். அவன் முன்சீட்டுன்னா நானும் முன்சீட்டு. மெஷினை நீங்களே ஏத்திக்கோங்கோ.”

நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஹபீப்பைப் பார்த்தார். “வக்கீலுக்கு யாராவது மறுபடி போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முன்சீட்டில் அப்புறம் காலி அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்தன.

“வேணும்னுதானே அப்படிப் பேசினே?” என்று சாயங்காலம் கேட்டேன்.

“பின்ன? உனக்கு மட்டும்தான் ரோஷமா மாமி?” என்றான்.

அப்புறம் ப்ரோகிராம் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பதிலையும் அது பத்திரமாக வைத்துக்கொள்ளுமே. புது வெர்ஷன் வந்தால்தான் ஹபீப்பின் வரி எட்டிப்பார்க்கும். தொண்ணூறுகள் முடிவதற்குள் அவன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். அவனுடைய சித்தப்பா ஏற்பாடு பண்ணின வேலை, நல்ல வேலை. கிளம்புகிற அன்று பெஞ்சைத் தட்டிவிட்டு, “வரேன் மாமி, போனை ஒழுங்கா எடு” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். கொஞ்ச நாள் கழித்து ஒரு புது வெர்ஷனைப் போட்டு ஓடவிட்டேன். மழையாகக் கொட்டி வந்த கேள்விகள் நடுவில் நின்றன. மாமி, வேணுமா வாணாமா?

ஆபீஸில் யாரும் இல்லை. கீழே டிர்ர்ர் என்று யாருடைய பேரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதில் எனக்குத் தெரியும், ஒரு எழுத்துத்தான். வெகு நேரம் தட்டவில்லை. தட்டினால் அது கற்றுக்கொண்டுவிடும், அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்காது.

பட்டாபி சார் கடையை மூடிவிட்டுப் பிள்ளையோடு இருக்கப் போய்விட்டார். பெஞ்சு எங்கே போயிற்றோ. அந்த மாடியில் இப்போது வேறு ஏதோ ஆபீஸ், கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறது. கர்னலும் வளர்ந்து, எல்லா வசதியையும் தன்னோடு சுமந்துகொண்டு, மெஷினைத் தானே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. நல்லதுதான். நானும் அதைத்தானே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன்.

டிகாக்ஷன் இறங்கியிருந்தது. புது மடிக்கணினி ‘வரவேற்கிறோம்’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை நின்று கேட்டிருக்கலாம். வேணும் என்றுதான் சொல்லியிருப்பேன்.